கைத்தட்டாதீர்கள், கையை ஆட்டுங்கள்

வணக்கம். கலைவிழாவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள், நான் கைத்தட்டலில் இருந்து ஆரம்பிக்கிறேன், காரணம் இருக்கிறது.

ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா, டூரெட் என்று மூளை வேறு மாதிரி வேலை செய்கிறவர்கள் பாடி, ஆடி, வரைகிற விழாக்களில் பல வருடமாக நான் ஒலியும் ஒளியும் பார்க்கிறேன். ஒயர் சுருட்டுகிற ஆள். முதல் விழாவில் ஒரு பையன் கீபோர்டு வாசித்தான். பதினாலு வயது இருக்கும். அருமையான வாசிப்பு. முடித்ததுதான் தாமதம், அரங்கமே எழுந்து தட்டியது, விசில் வேறு. பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கீபோர்டு ஸ்டாண்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். உற்சாகப்படுத்துவதாக நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். நான் சும்மா இருந்தேனா? ஸ்பாட்லைட்டைக் கொண்டுபோய் அவன் மேலேயே போட்டேன்! அவனுடைய அக்கா ஓடிவந்து, "அண்ணா, முதல்ல அந்த லைட்டை அணைங்க" என்றாள். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு வரிதான்.

அடுத்த வருடம், காது கேளாதவர்கள் பாராட்டுகிற மாதிரி, இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டச் சொன்னோம். அதே பையன் வாசித்து முடித்தான், சத்தமே இல்லை. நூற்றுக்கணக்கான கைகள் மட்டும் அசைகின்றன. பையன் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான், அப்புறம் திரும்பப் போய் உட்கார்ந்து அதே பாட்டை முதலிலிருந்து வாசித்தான். முடித்தான், கைகள் ஆடின, இன்னொரு முறை வாசித்தான். நிகழ்ச்சி நிரல் போயே போச்சு. அடுத்து ஆட வேண்டிய பெண் கோபப்படவில்லை. ஓரத்தில் ஸ்பீக்கர் மேல் முதுகைச் சாய்த்து அதிர்வை ரசித்துக்கொண்டிருந்தாள். பாருங்கள், ஒருவருக்குச் சத்தம் தாங்காது, இன்னொருவருக்குச் சத்தம் போதாது. எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு என்பது இங்கே எடுபடாது.

இதெல்லாம் சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள். சலுகை இல்லை, மேடை ஏற்பாடு. குள்ளமாக இருப்பவருக்கு மைக் ஸ்டாண்டை இறக்குகிறோமே, அந்த மாதிரி. 2011இல் நியூயார்க்கின் பிராட்வேயில் 'தி லயன் கிங்' இசை நாடகத்தை ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவே ஒரு காட்சி நடத்தினார்கள். திடுக்கிட வைக்கிற ஒலியைக் குறைத்தார்கள், கண்ணைப் பறிக்கிற மின்னல் விளக்குகளை நிறுத்தினார்கள், அமைதியாக உட்கார தனி இடம் கொடுத்தார்கள். நாங்களும் ஒருமுறை அமைதி அறை என்று ஒன்று கொடுத்தோம். உடைந்த நாற்காலி போடுகிற அறை, தலைக்கு மேல் டியூப்லைட் ம்ம்ம் என்று இரைகிறது. அந்த இரைச்சல் உங்களுக்கும் எனக்கும் கேட்காது. அமைதியைத் தேடி அங்கே வந்தவருக்கு அது மட்டும்தான் கேட்கும்.

அப்புறம் இந்த "பாவம், இவ்வளவாவது செய்கிறார்களே" என்கிற பாராட்டு. அதையும் தயவுசெய்து அணையுங்கள். ஆஸ்திரேலியாவில் பேக் டு பேக் தியேட்டர் என்று ஒரு குழு, 1987இல் தொடங்கியது. ஆட்டிசம் உள்ளவர்களும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும்தான் அதன் நடிகர்கள், நாடகத்தை உருவாக்குவதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. 2022இல் அவர்களுக்குச் சர்வதேச இப்சன் விருது, 2024இல் வெனிஸ் நாடக விழாவின் தங்கச் சிங்கம் விருது. பாவம் பார்த்து யாரும் தங்கச் சிங்கம் கொடுப்பதில்லை. நாடகம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள், அதுவும் மரியாதைதான்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிடமாம். சரி, முக்கியமாகப் பேச வந்தது பணத்தைப் பற்றி, அதைக் கடைசியில் வைத்தது என் தப்பு. அன்றைக்கு ஸ்பாட்லைட்டைத் தப்பாகப் போட்ட எனக்குக் கூலி கொடுத்தார்கள். மூன்று முறை வாசித்த பையனுக்கு அடுத்த வருடமும் கொடுத்தது ஒரு சான்றிதழ். விழா நடத்துகிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், பட்ஜெட் போடும்போது முதல் வரியில் கலைஞர் சம்பளத்தை எழுதுங்கள், மைக் வாடகை அதற்குக் கீழே வரட்டும். நேரம் ஆகிவிட்டது, வணக்கம்.