யார் கேட்ட மின்சாரம், யார் தலையில் பில்?

நண்பர்களே, வணக்கம். ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடும் டேட்டா சென்டர் வந்தால் எல்லோருடைய கரண்ட் பில்லும் ஏறுமா? இதற்கான பதிலை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கண்ணெதிரே பார்க்கலாம். அங்கே பிஜேஎம் என்ற அமைப்புதான் 13 மாநிலங்களிலும் வாஷிங்டன் நகரிலுமாக ஆறரைக் கோடிப் பேருக்கு மேல் மின்தொகுப்பை நடத்துகிறது. உலகிலேயே டேட்டா சென்டர்கள் மிக நெருக்கமாக இருக்கும் வடக்கு வர்ஜீனியா அதற்குள்தான் வருகிறது.

உச்சக் கோடையிலும் மின்சாரம் போதாமல் போகக் கூடாது அல்லவா? அதனால், கூப்பிட்டால் மின்சாரம் தரத் தயாராக இருக்கும் நிலையங்களுக்கு முன்கூட்டியே ஏலம் நடத்தி ஒரு தொகை தருகிறார்கள். கல்யாணச் சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பது போல. ஓடிய மின்சாரத்துக்கான காசு தனி. இரண்டும் கடைசியில் மக்களின் பில்லில்தான் வந்து சேரும்.

2024-25ஆம் ஆண்டுக்கு அந்தத் தொகை ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 29 டாலர். அடுத்த ஆண்டுக்கான ஏலத்தில் அது 270 டாலர் ஆனது! மொத்தச் செலவு 220 கோடி டாலரிலிருந்து 1,470 கோடிக்குப் போனது. அதற்கடுத்த ஏலத்தில் 329 டாலர். அதுவும் பென்சில்வேனியா ஆளுநர் ஜாஷ் ஷாபிரோ புகார் கொடுத்து, உச்சவரம்பு வைத்ததால்தான் அங்கே நின்றது.

பழைய நிலையங்கள் மூடப்பட்டது, ஏல விதிகள் மாறியது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தச் சந்தையின் சுதந்திரக் கண்காணிப்பாளர் கணக்குப் போட்டுச் சொன்னார்: 1,470 கோடியில் சுமார் 930 கோடி டாலர், இருக்கிற மற்றும் வரப்போகிற டேட்டா சென்டர்களால் வந்தது. அந்த 'வரப்போகிற' என்ற சொல்தான் எனக்கு ஆறவே இல்லை. இன்னும் எழும்பாத கட்டடத்துக்காக ஒரு ஓய்வூதியக்காரர் வீட்டு பில் 2025 ஜூனிலேயே ஏறிவிட்டது.

சரி, பெரிய வாடிக்கையாளர் வந்தாலே விலை ஏறிவிடுமா? அப்படியில்லை. கம்பியிலும் நிலையத்திலும் மிச்சத் திறன் இருந்தால், நிலையான செலவைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள். மற்றவர்களின் சுமை குறையவும் செய்யும். மிச்சம் தீர்ந்து, புதிதாகக் கட்ட வேண்டி வரும்போதுதான் சிக்கல். அந்தச் செலவைக் கேட்டவர் தலையில் வைக்கிறோமா, ஊர் முழுக்கப் பரப்புகிறோமா என்பதே கேள்வி. கேட்டவர்தான் கட்ட வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஓஹியோ மாநிலம் 2025 ஜூலையில், ஏஇபி ஓஹியோ என்ற மின் நிறுவனத்தின் பகுதியில், அதைச் செய்தது. புதிய பெரிய டேட்டா சென்டர், கேட்ட அளவில் குறைந்தது 85 சதவீதத்துக்கு, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், 12 ஆண்டுகள் வரை பணம் கட்ட வேண்டும். அப்புறம் என்ன நடந்தது? அந்த நிறுவனத்திடம் 30,000 மெகாவாட்டுக்கு வரிசையில் நின்ற விண்ணப்பங்கள் 13,000 ஆகச் சுருங்கின. இத்தனை நாள் அந்த வரிசையைக் காட்டித்தானே புதிய கம்பித்தடம் வேண்டும் என்றார்கள்? வர்ஜீனியாவிலும் 2027 முதல் இதே மாதிரி விதி வருகிறது. அங்கே 14 ஆண்டு ஒப்பந்தம்.

ஆனால் மாநில விதிகளின் கை அந்த மாநிலத்து மின் நிறுவனத்தோடு நின்றுவிடுகிறது. பிஜேஎம் ஏலம் எல்லா மாநிலங்களுக்கும் பொது. வர்ஜீனியாவில் தேவை ஏறினால் நியூ ஜெர்சியில் இருக்கும் குடும்பமும் கட்டுகிறது. அடுத்துத் திருத்த வேண்டியது அந்த ஏலத்தைத்தான்.