அலை வடிந்த பிறகு வரும் அழைப்பு

எல்லோருக்கும் வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்து மனநலம் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். எங்கே தொடங்குவது என்று யோசித்தபோது ஒரு தொலைபேசி அழைப்புதான் முதலில் நினைவுக்கு வந்தது. தற்கொலைத் தடுப்பு உதவி எண் ஒன்றில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. அழைத்தவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

இரவு இரண்டு மணி இருக்கும். "ஹலோ" என்றேன். பதில் இல்லை, மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "இங்கேதான் இருக்கேன், அவசரமே இல்லை" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடம் கழித்து ஓர் ஆண்குரல் வந்தது. "கொரோனாதான் போயிடுச்சேங்க. எல்லாரும் பழையபடி ஆயிட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் இன்னும் இப்படியே இருக்கு?"

அவர் கேட்ட கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த வாரங்களில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே கவலை, தற்கொலைகள் எகிறிவிடும் என்பதுதான். அந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. 2003இல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கில் 65 வயதைத் தாண்டியவர்களிடையே தற்கொலை விகிதம் கூடியிருந்தது.

ஆனால் கணக்கு வேறு மாதிரி வந்தது. 21 நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2021இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியானது. தொற்றின் முதல் சில மாதங்களில் தற்கொலைகள் பொதுவாகக் கூடவில்லை, பல இடங்களில் எதிர்பார்த்த அளவைவிடக் குறைவாகவே இருந்தன என்றது அது. மனம் நன்றாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. முதல் ஆண்டில் உலக அளவில் மனச்சோர்வும் பதற்றமும் 25 சதவீதம் கூடின. அதே 2020இல் உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் விசாரித்தபோது, 93 சதவீத நாடுகளில் மனநல சேவைகள் தடைபட்டுக் கிடந்தன.

வேதனை கூடியிருக்கிறது, சிகிச்சைக்குக் கதவு அடைத்திருக்கிறது, ஆனாலும் உயிர்கள் உடனே போகவில்லை. ஏன்? அரசுகள் கொடுத்த உதவித்தொகை சில நாடுகளில் குடும்பங்களைத் தாங்கியிருக்கலாம். வீட்டில் எல்லோரும் கண்முன்னே இருந்தது சிலருக்குக் காவலாக அமைந்திருக்கலாம் (அதே வீடு சிலருக்கு நரகமாகவும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது). எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அப்போது "நல்லா இருக்கியா?" என்ற கேள்வியை எல்லோரும் எல்லோரிடமும் கேட்டோம். பத்து வருஷமாகப் பேசாதவர்கூட எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தார். தான் முடங்கிக் கிடப்பதற்கு யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து என்ன ஆனது என்பதை ஜப்பான் காட்டுகிறது. அங்கே 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை தற்கொலைகள் 14 சதவீதம் குறைந்தன. ஜூலை முதல் அக்டோபர் வரை 16 சதவீதம் கூடின. அந்த இரண்டாம் கட்டத்தில் பெண்களிடம் மட்டும் 37 சதவீதம், சிறுவர் சிறுமியரிடம் 49 சதவீதம். இந்த எண்ணை முதன்முதலில் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. 2021 பிப்ரவரியில் ஜப்பான் தனிமையைக் கவனிக்கவென்றே ஓர் அமைச்சரை நியமித்தது.

ஊரே முடங்கிக் கிடந்தபோது தாங்க முடிந்த வலி, ஊர் எழுந்து நடக்கத் தொடங்கி நாம் மட்டும் எழ முடியாதபோது தாங்க முடியாததாகிவிடுகிறது. அதற்குள் அக்கறையாக அழைத்தவர்களும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கடன் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. கடைசியாக முகம்கூடப் பார்க்காமல் அனுப்பிவைத்தவரின் துக்கம் அப்போதுதான் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது. தற்கொலைக்கு எப்போதும் ஒற்றைக் காரணம் கிடையாது. "கொரோனா பயத்தில் விபரீத முடிவு" என்று ஒரு வரியில் தலைப்புப் போடும் செய்திகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு மனிதரின் கடன், குடி, நோய், அவமானம், இழப்பு எல்லாம் அந்த வரிக்குள் காணாமல் போய்விடுகின்றன.

சரி, நாம் என்ன செய்வது? நேராகக் கேட்க வேண்டும். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று அதே சொற்களில் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் நிம்மதிதான் வருகிறது. இன்னொரு பக்கம், யாராவது சாகப்போகிறேன் என்றால் "குரைக்கிற நாய் கடிக்காது" என்று தள்ளிவிடுகிறோம். இந்த விஷயத்தில் அந்தப் பழமொழியை விட்டுவிடுங்கள். உயிரை விட்டவர்களில் பலர் முன்பே யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

'ஆமாம்' என்று பதில் வந்தால் உடனே புத்தி சொல்லாதீர்கள். "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்" என்று ஆரம்பித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். கேளுங்கள். தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த உச்சமான வேகம் பல சமயம் சில மணி நேரம், சில சமயம் சில நிமிடங்கள்தான் நிற்கிறது. அதைக் கடந்துவிட்டவர்களில் பெரும்பாலானோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. அந்த நேரத்தைக் கடத்திவிட்டு, மருத்துவரிடம் கூடவே போங்கள். உங்கள் பகுதியில் இயங்கும் உதவி எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்துவையுங்கள்.

ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார். மருத்துவமனையிலிருந்து போனபின் மேல்சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிட்ட 843 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் கடிதம் போட வைத்தார். நாலு வரிக் கடிதம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்கிற அளவுக்குத்தான். அறிவுரை கிடையாது, வந்து பாருங்கள் என்ற வற்புறுத்தலும் கிடையாது. முதலில் மாதம் ஒன்று, பிறகு இடைவெளி விட்டு, ஐந்து வருடத்தில் 24 கடிதங்கள். முதல் இரண்டு வருடங்களில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. மருந்தோ மாத்திரையோ இல்லை, யாரோ ஒருவர் மறக்காமல் எழுதினார், அவ்வளவுதான். பெருந்தொற்றின் முதல் மாதங்களில் நாம் ஒருவருக்கொருவர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். நாம் இடையில் நிறுத்திவிட்டோம், மோட்டோ ஐந்து வருடம் நிறுத்தவில்லை.

அந்த இரவு அழைத்தவரிடமும் நேராகத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு "ஆமாங்க" என்றார். அண்ணனை மருத்துவமனை வாசலில் விட்டுவிட்டு வந்ததுதான் கடைசி, அதன்பின் வீடியோ காலில் பார்த்த முகம்தான். சிகிச்சைக்கு வாங்கிய கடன் மிச்சம். "ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் அழுதா என்ன நினைப்பாங்க" என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த அறையில் அக்கா தூங்குகிறார் என்றார். எழுப்ப முடியுமா என்று கேட்டேன். போனை வைக்காமலே எழுந்து போனார். கதவை இரண்டு முறை தட்டும் சத்தமும், "அக்கா, முழிச்சிருக்கியா?" என்ற குரலும் எனக்குக் கேட்டன.

இந்தக் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அரங்கத்தைப் பூட்டும்வரை அங்கேதான் இருப்பேன். வந்து பேசுங்கள், பேச முடியாவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.