வாடகை உயர்வுக்கு வரம்பு எங்கே இருக்கிறது?

இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் வாடகை ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள்? சரி, நாலு கை தெரிகிறது. என் முதல் வீட்டுக்கு நானும் படிக்காமல்தான் போட்டேன்.

வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் "ரென்ட் கன்ட்ரோலுக்குப் போவேன்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை அந்தப் பேச்சுக்குப் பலம் உண்டு. நியாய வாடகை என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மனை மதிப்பையும் கட்டுமானச் செலவையும் கூட்டி, அந்தத் தொகையில் ஆண்டு வாடகையாக வீட்டுக்கு 9 சதவீதம், கடைக்கு 12. மனை விலை ஏற ஏற இந்தக் கணக்கு வீட்டுக்காரருக்கே லாபமாகிப்போனது வேறு கதை. முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறியவர்களுக்கு இது பாட்டி கதை போலத் தோன்றும்.

அந்தச் சட்டம் போய்விட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம். ஆண்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று இதில் ஒரு வரியும் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வாடகை, எழுதியதுதான் உயர்வு. தகராறு வந்தால் இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் இரு தரப்பாரும் மனுப் போடலாம். அதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. அட்வான்ஸ் மூன்று மாதம்தான். ஆனால் 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக இருந்தால் ஒழிய' என்று ஒரு தொடரைச் சேர்த்துவிட்டார்கள். பத்து மாத அட்வான்ஸ் இன்றும் நுழைவது அந்தச் சந்து வழியாகத்தான்.

அப்புறம் இந்தப் பதினோரு மாத ஒப்பந்த விஷயம். ஓராண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்பார் புரோக்கர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அது சரி. வாடகைச் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. அதையும் 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிக் குடியிருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டிக் காலி செய்யக் கோரலாம்.

ஆகவே புரோக்கர் பேனாவை நீட்டும்போது உயர்வு பற்றிய வரியைத் தேடுங்கள். 'சந்தை நிலவரப்படி' என்று இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லி, ஓர் எண்ணை எழுத வையுங்கள். சாமான் இறக்கிய பிறகு அந்தப் பேரத்தை யாரும் பேச வரமாட்டார்கள்.