லேபிளில் இல்லாத கிராம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

இன்றைய துணிமணி உழைக்காததற்குக் காரணம் வாங்குபவரா, விற்பவரா என்பது தலைப்பு. “மலிவாகக் கேட்டது நாம்தானே, அப்புறம் கிழிந்துவிட்டது என்று அழுதால் எப்படி?” என்று கேட்டு எதிரணி நண்பர் கைதட்டல் வாங்கிவிட்டார். சரி. நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கடைசியாக வாங்கிய டி-சர்ட் எத்தனை ஜிஎஸ்எம்?

தெரியாதல்லவா? ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்குதான் அது. திருப்பூருக்கு ஆர்டர் வரும்போது கிராம், நூலின் பருமனைச் சொல்லும் நூல் நம்பர் எல்லாம் எழுத்தில் வரும். அது இல்லாமல் துணி ஓட்ட மாட்டார்கள். அதே சட்டை தைத்து மடித்துக் கடைக்கு வந்ததும் லேபிளில் பருத்தி எத்தனை சதவீதம் என்று இருக்கும், கிராமைக் காணோம்! 180 கிராம் போட வேண்டிய இடத்தில் 140 போட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நூல் மிச்சம். ஹேங்கரில் தொங்கும்போது யாருக்குத் தெரியும்? நாலு தடவை துவைத்தால்தான் தெரியும்.

தொட்டுப் பார்த்து வாங்கலாமே என்பார்கள். அதற்கும் பயோ வாஷ் இருக்கிறது. என்சைம் விட்டு அலசினால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சிழையைத் தின்றுவிடும், துணி வழவழவென்று ஆகிவிடும். அளவோடு செய்தால் நல்லதுதான். அளவு மீறினால் துணியின் வலுவையும் சேர்த்துத் தின்னும். கையோ நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும்.

எங்கள் ஊர் டெய்லர் அப்பாவின் பேண்ட்டில் பின்தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைப்பார். அப்பாவுக்குத் தொப்பை போட்டபோது இரண்டு முறை பிரித்துவிட்டோம். இன்றைய ரெடிமேடைப் பிரித்துப் பாருங்கள், ஓவர்லாக் ஓரத்தோடு கதை முடிந்தது.

திருப்பூர்க்காரரை நான் குறை சொல்லவில்லை. நாட்டுக்கு இவ்வளவுதான் என்றிருந்த ஏற்றுமதிக் கோட்டா 2005 ஜனவரியில் போனது. அதன்பின், கட்டுப்படியாகாது என்று அவர் சொன்னால் ஆர்டர் டாக்காவுக்குப் போய்விடும். விலையைச் சொல்வது பிராண்டுக்காரர். அந்த விலைக்குள் எதைக் குறைப்பது? கரண்ட் பில்லையா?

நேரமாகிவிட்டது என்று நடுவர் மணியைத் தேடுகிறார். ஒன்றே ஒன்று. பல ரெடிமேட் சட்டைகளில் பொத்தான் ஒற்றை நூல் சங்கிலித் தையலில்தான் நிற்கிறது. ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். எதிரணி நண்பரின் இரண்டாவது பொத்தானில் நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஐயா, இப்போது இழுக்காதீர்கள். மேடையில் இருக்கிறோம்.