வாண்டர்பில்ட் ரசிகர்கள் எதை ஒப்பிட வேண்டும்?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, எதிரே நிற்பவர்களை முட்டித் தள்ளி முன்னேறும் ஆட்டம். சனிக்கிழமை வந்துவிட்டால் ஊரெல்லாம் அதே பேச்சுதான். அந்தப் பேச்சில் பாதி, "அந்த அணியோடு பார்த்தால் நம்ம அணி எங்கே நிற்கிறது?" என்பது. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ரசிகர்கள் இந்தக் கேள்வியைப் பல தலைமுறைகளாகக் கேட்டு வருகிறார்கள்.

அவர்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இடம் அப்படி. தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த எஸ்இசி என்ற தென்கிழக்குக் குழுவில் அலபாமா, ஜார்ஜியா, எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்), டென்னசி என்று எல்லோரும் பெரிய கைகள். அத்தனையும் மாநிலப் பல்கலைக்கழகங்கள். வாண்டர்பில்ட் மட்டும்தான் தனியார். அங்கே இளநிலை மாணவர்கள் ஏறக்குறைய 7,000 பேர். அலபாமாவின் மைதானத்தில் 1,00,000 பேர் உட்காரலாம். வாண்டர்பில்ட் மாணவர்கள் அத்தனை பேரும் போய் உட்கார்ந்தாலும் ஒரு மூலைதான் நிறையும்.

எப்போதும் இப்படியே இருந்தார்களா என்றால், இல்லை. 1904-இல் டான் மெக்யூகின் பயிற்சியாளராக வந்தார். அவர் காலத்தில் தென்மாநிலங்களில் வாண்டர்பில்ட்தான் பெரிய அணி. 1922-இல் அவர்களுடைய புது மைதானம் திறந்த நாளில் மிச்சிகனோடு 0-0 என்று சமன் செய்தார்கள். 1926-இல் டென்னசி பல்கலைக்கழகம் ராபர்ட் நேலண்டைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. அப்போது அவரிடம் சொன்ன வேலையே வாண்டர்பில்ட்டோடு இருந்த பழைய கணக்கைத் தீர்ப்பதுதான். ஆக, அன்றைக்கு ஏக்கத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் டென்னசி ரசிகர்கள். நேலண்ட் அந்தக் கணக்கைத் தீர்த்தார். இன்று டென்னசி பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில் நகரில் 1,00,000 பேருக்கு மேல் கூடும் மைதானம் அவர் பெயரில் நிற்கிறது.

சரி, 2017-க்கு வருவோம். செப்டம்பரில் கான்சாஸ் ஸ்டேட்டை வாண்டர்பில்ட் 14-7 என்று வென்றது. சந்தோஷத்தில் ஒரு வீரர் தொலைக்காட்சியில் "அலபாமா, அடுத்தது நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை அலபாமா நாஷ்வில்லுக்கே வந்து 59-0 என்று அடித்துவிட்டுப் போனது. அவர்கள் பந்தோடு முன்னேறியது மொத்தம் 677 கெஜம், இவர்கள் முன்னேறியது 78. அந்த வீரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு நாமும் அவர்களும் ஒன்று என்று முடிவு கட்டுவதும், ஒரு தோல்வியை வைத்துக்கொண்டு நமக்கு விடிவே இல்லை என்று உட்கார்ந்துவிடுவதும் ஒரே தவறுதான். இரண்டிலும் ரசிகர் ஸ்கோரை மட்டும் பார்க்கிறார், ஆட்டத்தைப் பார்ப்பதில்லை.

2024 அக்டோபர் 5 அன்று நடந்ததைப் பாருங்கள். அலபாமா தரவரிசையில் முதலிடம். முந்தின வாரம்தான் ஜார்ஜியாவை 41-34 என்று வென்றிருந்தது. தரவரிசையின் முதல் ஐந்து இடங்களில் இருந்த அணிகளோடு வாண்டர்பில்ட் அதுவரை 60 முறை ஆடியிருந்தது, ஒருமுறைகூட வென்றதில்லை. அன்று 40-35 என்று வென்றார்கள். ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பர்லண்ட் ஆற்றில் போட்டார்கள்.

எப்படி வென்றார்கள்? மொத்த ஆட்டம் 60 நிமிடம். அதில் 42 நிமிடம் பந்து வாண்டர்பில்ட் கையில். பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. மூன்றாவது முயற்சியில்தான் பெரும்பாலும் அணிகள் திணறும். வாண்டர்பில்ட்டுக்கு அப்படிப்பட்ட கட்டம் 18 முறை வந்தது, 12 முறை தாண்டினார்கள். அலபாமா வீரர்களின் வேகத்துக்கும் பலத்துக்கும் இவர்களிடம் ஈடு கிடையாது. அந்த வேகம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்தார்கள்.

கல்லூரிக்கு வரும் முன் பள்ளி வீரர்களுக்குக் கொடுக்கும் நட்சத்திர மதிப்பீட்டை எண்ணித்தான் ரசிகர்கள் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையில் வாண்டர்பில்ட் என்றைக்கும் கீழேதான். ஆனால் அன்று அணியை நடத்திய குவார்ட்டர்பேக் டியேகோ பாவியா, இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் தொடங்கி, நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் ஆடிவிட்டு வந்தவர். 2023 நவம்பரில் அந்தச் சிறிய அணியோடு எஸ்இசி அணியான ஆபர்னின் மைதானத்துக்கே போய் 31-10 என்று வென்றவர். கல்லூரி மாறும் விதிகள் தளர்ந்ததால் அவரால் வர முடிந்தது. பயிற்சியாளர் கிளார்க் லீ முந்தின ஆண்டு எஸ்இசி குழுவுக்குள் ஆடிய எட்டு ஆட்டத்திலும் தோற்றிருந்தார். நிர்வாகம் அவரை அனுப்பிவிடவில்லை. இதெல்லாம் நட்சத்திரக் கணக்கில் வராது.

ரசிகர்கள் ஒப்பிடுவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அணிமேல் பாசம் வைத்தவர் ஒப்பிடாமல் இருக்க மாட்டார். பந்து எத்தனை நிமிடம் நம்மிடம் இருந்தது, மூன்றாவது முயற்சியில் என்ன ஆனது, நான்காம் கால்பகுதியில் யார் களைத்தார்கள் என்று ஒப்பிடுங்கள் என்கிறேன். 2025-இல் அலபாமா இவர்களை 30-14 என்று வென்றது. அதற்காக யாரும் இடிந்துபோக வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் இவர்கள் நாக்ஸ்வில்லுக்குப் போய், நேலண்ட் பெயர் தாங்கிய மைதானத்தில் டென்னசியை 45-24 என்று வென்றார்கள். ஒரு பருவத்தில் பத்து வெற்றி என்பது வாண்டர்பில்ட் வரலாற்றிலேயே அதுதான் முதல்முறை.