முக்கால் கேட்பின்

(காரைக்குடியில் மொழி ஆசிரியர்கள் கூடிய ஓர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் பின்வரிசையாகப் பார்த்து இடம் பிடித்திருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

செட்டிநாட்டுச் சாப்பாடு முடிந்த கையோடு, கேட்டல் திறனைப் பற்றிப் பேசு என்று என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் இந்தத் தலைப்பை வைத்தவர் குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும். கண்ணயர்கிறவர்கள் தாராளமாகக் கண்ணயரலாம். ஆனால் கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் வகுப்பறைக்குப் புதிதாகத் திரையும் ஒலிபெருக்கியும் வந்தன. எனக்கு ஒரே உற்சாகம். முதலாண்டு மாணவர்களை உட்கார வைத்து, தண்ணீரைச் சுத்திகரிப்பது பற்றிய ஐம்பது நிமிட ஆங்கில விரிவுரை ஒன்றை முழுசாக ஓடவிட்டேன். ஒரு சத்தம் இல்லை. ஆசிரியர்முன் மாணவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நன்னூலில் பவணந்தி முனிவர், 'சித்திரப் பாவையின் அத்தக அடங்கி' என்கிறார். வரைந்த பொம்மை போல அசையாமல் இருக்க வேண்டுமாம். என் பிள்ளைகள் அந்த ஒரு வரியை மட்டும் அச்சுப் பிசகாமல் நிறைவேற்றினார்கள்.

வீடியோ முடிந்ததும் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தேன். புதுவயல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி பக்கத்தின் தலைப்பில் 'ஃபெஸ்டிவல்' என்று எழுதி, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தாள். தண்ணீர்ப் பாடத்தில் திருவிழா எங்கே வந்தது? 'அந்த சார் ஆரம்பத்திலேயே சொன்னாருங்க ஐயா' என்றாள். திரும்பப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது 'ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல்'. மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சேர்த்து, நடுச்சொல்லை விழுங்கி, 'ஃபர்ஸ்டவால்' என்று சொல்லியிருந்தார். அந்தப் பெண் காதில் விழுந்ததை நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறாள். தனித்தனியாகக் கேட்டால் அந்த மூன்று சொற்களும் அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். அப்புறம் நாற்பத்தொன்பது நிமிடமும் இந்தத் தண்ணீருக்குள் திருவிழா எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதை நான் அகராதியால் தீர்க்க முடியுமா? முடியாது. எழுத்தில் பழகிய ஆங்கிலம் வேறு, வாயிலிருந்து வரும் ஆங்கிலம் வேறு. ஆங்கிலம் அழுத்தத்தில் ஓடும் மொழி. முக்கியமான சொல்லை அழுத்திச் சொல்லிவிட்டு இடையில் இருக்கும் ஆஃப், டு, கேன், ஹேவ் எல்லாவற்றையும் நசுக்கிவிடுவார்கள். 'கேன்' என்பது பேச்சில் வெறும் 'கன்'. அமெரிக்கர் ஒருவர் 'முடியாது' என்பதற்கு 'கேன்ட்' என்று சொல்லும்போது அந்தக் கடைசி 'ட்' பாதி காற்றில் போய்விடும். நம் பிள்ளை 'முடியும்' என்று எழுதிக்கொள்ளும். ஒரே சொல்லில் பொருள் தலைகீழ்.

நாம் மட்டும் என்ன, தமிழை முழுசாகவா பேசுகிறோம்? என் உறவினர் வீட்டுப் பெயரன் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் தமிழ் படிக்கிறான். செய்தித்தாளைத் தட்டுத்தடுமாறி வாசித்தும்விடுவான். ஊருக்கு வந்தபோது ஆச்சி அவனிடம், 'ஒங்க மாமா இப்பத்தான் வந்துட்டுப் போறாக' என்றார்கள். பையன் திருதிருவென விழித்தான். 'வந்துவிட்டுப் போகிறார்கள்' என்று எழுதிக் காட்டியதும் பளிச்சென்று புரிந்துவிட்டது. புதுவயல் பெண்ணுக்கும் சிங்கப்பூர்ப் பையனுக்கும் சிக்கல் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிந்த மொழி காதுக்குத் தெரியவில்லை.

சரி, காதை எப்படிப் பழக்குவது? நமக்கு முன்னால் இருந்தவர்கள் பழக்கியிருக்கிறார்கள். பர்மாவில் வட்டிக்கடை நடந்த காலத்தில் இங்கிருந்து சின்ன வயதிலேயே பையன்களைக் கப்பலேற்றி அனுப்புவார்கள். மேலாள், அடுத்தாள், அதற்கும் கீழே பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் பெட்டியடிப் பையன். எங்கள் ஊரில் அப்படிப் போய்த் திரும்பிய பெரியவர் ஒருவரை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பர்மியப் பேச்சு எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பார். 'பள்ளிக்கூடமா வச்சாக? பெட்டியடியில ஒக்காந்து கேட்டதுதான். வர்றவன் எல்லாம் அதே பேச்சுத்தானே பேசுவான். நெல்லு, கடன், வட்டி, எப்பத் தருவே.' முதல் சில மாதம் வாயே திறக்கவில்லையாம்.

அவர் சொன்னதில் இருக்கும் சூட்சுமத்தைக் கவனியுங்கள். அதே ஆட்கள், அதே விஷயம், அதே சொற்கள், தினமும். நாம் என்ன செய்கிறோம்? திங்கட்கிழமை விண்வெளி பற்றி ஒரு வீடியோ, செவ்வாய்க்கிழமை மனநலம் பற்றி ஒன்று, புதன்கிழமை யாரோ ஒரு தொழிலதிபர். ஒவ்வொன்றிலும் புதுக் குரல், புதுச் சொற்கள். காது ஒருவரிடம் பழகி முடிப்பதற்குள் ஆளை மாற்றிவிடுகிறோம். ஒரே விரிவுரையாளரை, ஒரே பாடத்தில், பதினைந்து நாள் விடாமல் கேட்கச் சொல்லிப் பாருங்கள். முதல் மூன்று நாள் கஷ்டம். அப்புறம் அவர் எங்கே மூச்சு விடுவார், எந்தச் சொல்லை விழுங்குவார் என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

இதற்குச் சரக்கு நிறைய இருக்கிறது, அதுவும் இலவசமாக. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்போவதாக 2001இல் அறிவித்தது. நம் நாட்டில் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது என்பிடெல் என்ற இணைய விரிவுரைத் திட்டம். மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் 2017இல் வந்தது. பல துறையினர் மேடையில் பேசும் குறும்பேச்சுகளான டெட் உரைகள் 2006 முதல் இணையத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் போகாது, பேச்சின் எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும்.

ஆசிரியர்களில் பலர் டெட் உரையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். அது ஒத்திகை பார்த்துச் செதுக்கிய பேச்சு. ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டால் அது திரும்ப வராது. என்பிடெல் பேராசிரியர் யோசித்துக்கொண்டே பேசுவார். சொன்னதையே வேறு மாதிரிச் சொல்வார், பலகையில் எழுதுவார், எழுதும்போது மறுபடி வாய்விட்டுச் சொல்வார். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் இழுவைதான். மொழி படிக்கிற பிள்ளைக்கோ அந்த இழுவைதான் வரம். இன்னொன்று, அங்கே வங்காளத்தார் பேசுவார், தெலுங்கர் பேசுவார், மலையாளி பேசுவார். நம் பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போனால் தொலைபேசியில் வரப்போகும் ஆங்கிலமும் இதேதான். லண்டன் ஆங்கிலம் மட்டும்தான் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களோடு நான் சண்டை போடத் தயாராக இல்லை, டீ வந்துவிடும்.

இப்போது நன்னூலுக்கு வருகிறேன். 'ஒருகுறி கேட்போன் இருகால் கேட்பின் பெருக நூலில் பிழைபா டிலனே' என்கிறார் பவணந்தி. ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் பிழை குறையும். அடுத்து, 'முக்கால் கேட்பின் முறையறிந் துரைக்கும்.' மூன்றாம் முறை கேட்டால் பிறருக்கு எடுத்துச் சொல்லவே வந்துவிடும். அந்தக் காலத்து மாணவன் மூன்றாம் தடவை கேட்க ஆசிரியரின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் பொறுமையைப் பார்க்க வேண்டும். இன்றைக்கு யூடியூபில் திரையின் இடப்பக்கம் விரலால் இரண்டு தட்டு தட்டினால் பத்து நொடி பின்னால் போகிறது. ஐஐடி பேராசிரியர் எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் திரும்பச் சொல்கிறார். விஞ்ஞானத்தால் நமக்குக் கிடைத்த இவ்வளவு பொறுமைசாலியான ஆசிரியரிடம், நான் ஐம்பது நிமிடத்தை ஒரே தடவை ஓடவிட்டு மணியடித்துவிட்டேன். அதுதான் என் தவறு.

இப்போது நான் எடுப்பது மூன்று நிமிடத் துண்டு, அதற்குமேல் இல்லை. போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கொடுத்துவிடுவேன். 'பேசுபவர் எத்தனை வழிமுறைகளைச் சொல்கிறார்?' அவ்வளவுதான். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் கேட்கிற காது சந்தைக்குள் காசில்லாமல் நுழைந்தவன் மாதிரி எல்லாவற்றையும் பார்க்கும், ஒன்றையும் வாங்காது. முதல் தடவை பேனாவைக் கீழே வைக்கச் சொல்வேன். இரண்டாம் தடவை, காதில் விழுந்த சொற்களை மட்டும் குறிக்கலாம், முழு வாக்கியம் கூடாது. பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, இருவர் குறிப்பையும் சேர்த்து அந்தப் பேச்சைத் திரும்பக் கட்ட வேண்டும். இங்கேதான் சண்டை வரும். 'அவர் கேன்னுதான் சொன்னார்', 'இல்லை, கேன்ட்.' அந்தச் சண்டை முற்றும்வரை விட்டுவிட்டு, மூன்றாம் தடவை போடுவேன். அப்போது அந்த ஒரு 'ட்' மீது நாற்பது காதுகள் குவிந்திருக்கும். நான் எவ்வளவு கத்தினாலும் அந்தக் கவனம் வராது.

திரைக்குக் கீழே எழுத்து ஓட விடுவது கடைசியில்தான். ஆரம்பத்திலேயே எழுத்து வந்தால் கண் வேலையை எடுத்துக்கொள்ளும், காது ஓய்வெடுக்கும். பிள்ளை கேட்டுப் புரிந்துகொண்டதாக நினைக்கும், உண்மையில் வாசித்துப் புரிந்துகொண்டிருக்கும். யூடியூப் தானாகப் போடும் எழுத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதற்கும் காது அவ்வளவு கூர்மை இல்லை. நம்மூர் உச்சரிப்பு வந்தால் தடுமாறும், ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் வந்தால் கேட்கவே வேண்டாம். அந்தத் தவறுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள். கடைசி வரிசைப் பையன்கூட எழுந்து நிற்பான். எந்திரத்தைத் திருத்துவதில் அவ்வளவு சந்தோஷம்.

வேகத்தைக் குறைக்கலாமே என்று கேட்பீர்கள். குறைத்துப் பார்த்தேன், எனக்கு உடன்பாடில்லை. முக்கால் வேகத்தில் போட்டால் விழுங்கிய சொல் திரும்பி வருவதில்லை, நீளமாக விழுங்கப்பட்டதாகக் கேட்கிறது. அதைவிட வாக்கியம் முடியும் இடத்தில் நிறுத்துவது நல்லது. மிகவும் பின்தங்கியவர்களுக்கு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959இல் தொடங்கிய மெதுவான ஆங்கில நிகழ்ச்சியின் வழியில் தயாரான பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அங்கே பேசுகிறவரே நிதானமாகப் பேசுகிறார். எந்திரம் இழுப்பதற்கும் மனிதர் நிதானிப்பதற்கும் காது வித்தியாசம் கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு கேள்வியும் வரும். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் கேட்டல் பிரிவில் நான்கு பகுதி, 40 கேள்வி, ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான். அதற்குப் போகிற பிள்ளையை மூன்று தடவை கேட்கப் பழக்கினால் கெட்டுப்போகாதா? தேர்வுக்கு முந்தின சில வாரம் ஒரே தடவைப் பயிற்சி கொடுங்கள், போதும். சைக்கிள் பழகுகிற நாளில் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம், சந்தைக்குப் போகும்போதுமா பிடித்துக்கொண்டு ஓடுவோம்?

விரிவுரையில் திருப்பங்களைக் காட்டும் சொற்கள் இருக்கின்றன. 'நவ்' என்று இழுத்தால் புது விஷயம் வரப்போகிறது. 'ஸோ' என்றால் முடிவுக்கு வருகிறார். 'லெட் மீ கம் பேக்' என்றால் விட்ட இடத்துக்குத் திரும்புகிறார். இதை விளக்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 'ஆனால் நடுவர் அவர்களே...' என்றதும் எதிரணிக்கு அடி விழப்போகிறது என்று தெரிந்து நிமிர்ந்து உட்காருகிறார்களே, அதே காதுதான் இங்கேயும் வேண்டும்.

அந்தக் காது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1939இல் சா. கணேசன் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனி வந்தால் விழா, நிறைவு நாளில் கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டை. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமார் வருஷா வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டே கம்பனைக் கற்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேச்சாளர் ஒரு சீரைத் தவறவிட்டால் அவர்கள் உதடு சரியாக அசையும். அவர்களுக்குப் பின்னோட்டப் பொத்தான் கிடையாது. அடுத்த பங்குனிவரை காத்திருந்து இரண்டாம் தடவை கேட்டார்கள்.

நன்னூல் இன்னொரு கணக்கும் சொல்கிறது. ஆசிரியரிடம் கேட்பதால் வருவது கால் பங்குதான். சக மாணவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்வதில் வருகிறது. ஆகவே வீட்டுப்பாடமாக வீடியோவைப் பார்த்துவிட்டு வா என்று நான் சொல்வதில்லை. மூன்று நிமிடம் கேட்டதை ஒரு நிமிடத்தில் உன் குரலில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பு என்கிறேன். பல வீட்டில் ஒரே போன், அதுவும் அம்மாவிடம், ராத்திரி சமையல் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். மூன்று நிமிடத் துண்டு என்பதால் டேட்டாவும் தாங்கும். பின்னால் மிக்ஸி சத்தம், நாய் குரைப்பு எல்லாம் கேட்கும், பரவாயில்லை. புதுவயல் பெண் அனுப்பிய முதல் பதிவு எப்படித் தொடங்கியது தெரியுமா? 'ஃபர்ஸ்டவால்...' மூன்று சொல்லும் ஒரே மூச்சில்.

இப்போது நான் சொன்ன வேலை. திரையில் இரண்டு நிமிடத் துண்டு ஒன்று வரப்போகிறது. கீழே எழுத்து வராது. பேனாவைக் கீழே வையுங்கள், பின்வரிசைக்காரர்களும்தான். கேள்வி ஒன்றே ஒன்று: பேசுகிறவர் எத்தனை காரணம் சொல்கிறார்? தம்பி, போடுங்கள்.