மத்தளத்துக்கு ஓர் அலமாரி

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஆண்டுதோறும் நாற்காலியும் மைக்கும் காசு வாங்காமல் தரும் பந்தல்கடை அண்ணன் அவர்களே, நூலகர் ஐயா அவர்களே, எனக்குத் தமிழ் சொல்லித் தந்த ஆசிரியை அவர்களே, மூன்றாவது வரிசையில் வெற்றிலைப் பையோடு உட்கார்ந்திருக்கும் என் அப்பத்தாவே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம், இரண்டு இதிலேயே போய்விட்டது.

கோடை விடுமுறையில் படித்த நான்கு இளையோர் நாவல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்', எஸ். ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்', யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. பின்னிரண்டும் பால சாகித்ய புரஸ்கார், அதாவது சாகித்ய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருது, வாங்கியவை.

அதென்ன இளையோர் நாவல் என்று கேட்பீர்கள். "உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி" என்பார் அப்பத்தா. அந்த மத்தளம் நாங்கள்தான். கல்யாண வீட்டில் "பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேலை?" என்று ஒரு இடி. பந்தியில் "இவ்வளவு பெரிய பிள்ளை, பரிமாறத் தெரியலையே" என்று மறுபக்கம். அந்த இடியைக் கதையாக எழுதினால் அது இளையோர் நாவல்.

ஹங்கர் கேம்ஸ் 2008இல் வந்தது. 12 மாவட்டங்களிலிருந்து 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, 24 பேரை ஒருவரையொருவர் கொல்ல விடுகிறார்கள். எல்லோரும் வில்லையும் அம்பையும் பேசுகிறார்கள். எனக்கு மறக்காதது அந்தச் சீட்டு. வீட்டில் தானியம் இல்லையென்றால் பெயரை இன்னொரு முறை எழுதிப் போட்டுத் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். அப்படியே கதாநாயகி, 16 வயது காட்னிஸுக்கு 20 சீட்டு, அவள் நண்பன் கேலுக்கு 42. குலுக்கல் பொதுதான், பசிதான் பொதுவில்லை. ஆனால் இரண்டு பையன்களில் காட்னிஸின் காதல் யாருக்கு என்ற இழுவை எனக்கு அலுப்பு. அடுத்த பாகங்களில் இன்னும் இழுக்கிறார்கள்.

இந்தப் புத்தகம் என் கைக்கு வந்த கதையைச் சொல்லியே ஆகவேண்டும். நான் போகும் ஒரு நூலகத்தில் இடதுபுறம் சிறுவர் பகுதி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். வலதுபுறம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும். பாவம், அவர்களுக்கே இடமில்லை. புத்தகமோ பூட்டிய கண்ணாடி அலமாரியில், சமையல் குறிப்புக்கும் ஜோதிடத்துக்கும் நடுவில். "உன் அட்டைக்குச் சிறுவர் பகுதிதான்மா" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வந்து அழுதேன். மறுநாள் அப்பத்தா புதுச்சேலை கட்டிக்கொண்டு என்னோடு கிளம்பி வந்து உறுப்பினர் ஆகிவிட்டார்.

"என்ன புத்தகம் வேணும் பாட்டி?"

"அந்தக் குருவி படம் போட்டது."

"இங்கிலீஷ் புத்தகமாச்சே, படிப்பீங்களா?"

"பேத்தி படிப்பா. நான் கேப்பேன். பூட்டைத் தெறங்க."

சாவி கிடைக்க அரை மணி நேரம். அன்று ராத்திரியே கதை சொல்ல ஆரம்பித்தேன். சீட்டு விஷயம் வந்ததும் பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டார். "ரேஷன் வாங்குனதுக்கா உசுரைக் கேக்குறானுவ?" தங்கச்சி பெயர் வந்து, அக்காக்காரி "நான் போகிறேன்" என்று முன்னால் ஓடும் இடத்தில், "மூத்தது பின்ன என்ன செய்யும்" என்றார், அவ்வளவுதான். அவரும் ஐந்து பேருக்கு மூத்தவர்.

அடுத்தது அவுட்சைடர்ஸ். ஹின்டன் இதை எழுதத் தொடங்கியபோது வயது 15. 1967இல் அச்சாகும்போது 18. பெண் பெயர் தெரிந்தால் இளக்காரமாக விமர்சிப்பார்கள் என்று முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். அங்கேயும் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி: சின்னப் பிள்ளை, அதிலும் பொம்பளைப் பிள்ளை. என் வயதில் ஒருத்தி நாவலே எழுதுகிறாள், எனக்குப் படிக்க ஓர் அலமாரி இல்லை!

அலமாரி என்றதும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது, 1948. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931லேயே நூலகங்களுக்கு ஐந்து விதிகள் எழுதி வைத்தார். அதில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் கட்டுகிறோம். நாங்கள் கேட்பது கட்டடம் இல்லை. 13 முதல் 18 வயதுக்கென்று ஒரே ஓர் அலமாரி, பூட்டில்லாமல், கைக்கெட்டும் உயரத்தில். பந்தல்கடை அண்ணன் மரம் தருவதாக மேடைக்கு வருமுன் காதில் சொன்னார். இப்போது மைக்கில் சொல்லிவிட்டேன், அவர் மாற முடியாது.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மரப்பாச்சியும் ஆதனும் அப்படியே நிற்கிறார்கள், இரண்டையும் நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நூலகர் ஐயா, கையெழுத்துப் போட்ட மனு உங்கள் மேசையில் இருக்கிறது. 43 கையெழுத்து, முதலாவது அப்பத்தாவுடையது.

நன்றி, வணக்கம்.